சாப்பிட மறுக்கும் பிள்ளைக்கு முதலில் எடை பாருங்கள்: எங்கள் நிலைப்பாடு

சாத்தூர் வட்டாரத்தில் வளரிளம் பிள்ளைகளின் உடல்நலத்துக்காக வேலை செய்யும் குழு நாங்கள். எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சாப்பிட மறுத்து மெலிந்துகொண்டே போகும் பிள்ளைக்கு, “இது மனநோய்தான்” என்று குடும்பம் ஒப்புக்கொண்ட பிறகே சிகிச்சை என்றிருக்கும் வரிசை மாற வேண்டும். எடையும் நாடித்துடிப்பும் பார்ப்பதிலேயே சிகிச்சை தொடங்கட்டும். நோயின் பெயர் பின்னால் வரட்டும். பிள்ளைக்கே மனசு வரட்டும் என்று காத்திருப்பதையும் நாங்கள் ஏற்கவில்லை.

ஒரு தவறு செய்த பிறகுதான் இந்த முடிவுக்கு வந்தோம். பிளஸ் ஒன் படிக்கும் பெண். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர். முதல் நாள் வந்தபோது ஒரு மஞ்சப்பையிலிருந்து எட்டு மாதத்துச் சீட்டுகளை எடுத்து மேசையில் அடுக்கினார். ரத்தசோகைக்கு மாத்திரை. கேஸுக்கு மாத்திரை. சளிப் பரிசோதனை, டிபி இல்லை. வயிற்று ஸ்கேன், நார்மல். இரண்டு முறை குளுக்கோஸ் ஏற்றிய ரசீது. சீட்டில் வராத வைத்தியங்களும் உண்டு: தொக்கம் எடுத்தாகிவிட்டது, மந்திரித்துக் கயிறு கட்டியாகிவிட்டது, இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்தாகிவிட்டது. மாதவிலக்கு நின்று ஆறு மாதம். அதற்காக ஒரு லேடி டாக்டரிடம் போனபோது அங்கே முதலில் கேட்ட கேள்வியைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

அத்தனை சீட்டிலும் ஒன்றில்கூட பிள்ளையின் எடை எழுதப்படவில்லை.

சித்திரை வெயிலில் அவள் முழுக்கை ஸ்வெட்டர் போட்டிருந்தாள். கையைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது. “சோறு இறங்க மாட்டேங்குது, நெஞ்சுலயே நிக்குது” என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. நாங்கள் எங்களுக்குத் தெரிந்ததை உடனே காட்டிக்கொண்டோம்: “இது மனசு சம்பந்தப்பட்டது, மதுரையில ஒரு மனநல டாக்டரப் பாருங்க.” அந்த அம்மா சீட்டுகளைத் திரும்ப அடுக்கிப் பைக்குள் வைத்தார். “எம்பிள்ளைக்குப் பைத்தியமெல்லாம் இல்லங்க.” நான்கு மாதம் அவர்கள் வரவில்லை. பள்ளிப் பிரேயரில் பிள்ளை மயங்கி விழுந்த பிறகுதான் வந்தார்கள். நாங்கள் சொன்னதில் தப்பில்லை, அதை முதல் வார்த்தையாகச் சொன்னதுதான் தப்பு.

மருத்துவர்கள் இதை அனோரெக்சியா நெர்வோசா என்கிறார்கள். ‘பசியற்ற உளநோய்’ என்று தமிழில் சிலர் எழுதுகிறார்கள். அந்தப் பெயர் எங்களுக்கு உடன்பாடில்லை. பசி இருக்கிறது, பல நேரம் தாங்க முடியாத அளவுக்கு. அந்தப் பசியை அடக்கி வைத்திருப்பதே அந்தப் பிள்ளைக்குத் தான் சாதித்த ஒரே காரியமாகத் தெரிகிறது. நோய் என்று யாராவது சொன்னால் அந்தச் சாதனையைப் பிடுங்க வருவதுபோல் இருக்கிறது. சிகிச்சைக்கு வராமல் போவதற்கு முதல் காரணம் இதுதான். இது பிடிவாதம் என்று பெற்றவர்கள் நினைத்து அடிக்கிறார்கள், நிலைமை இன்னும் மோசமாகிறது.

செல்போன் வந்ததால் வந்த நோய் என்று எங்கள் கூட்டங்களில் யாராவது சொல்லாமல் இருப்பதில்லை. ஆனால் லண்டனில் மருத்துவர் வில்லியம் கல்லும் பாரிஸில் மருத்துவர் லசேக்கும் தனித்தனியாக இந்த நோயை விவரித்தது 1873-ல். செல்போனுக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை, அதைப் பிடுங்கி வைத்தால் சரியாகிவிடும் என்று நம்பி மாதங்களை வீணாக்க வேண்டாம் என்கிறோம்.

பணக்கார வீட்டு நோய் என்பது இன்னொரு பேச்சு. இந்தப் பேச்சுதான் எங்கள் ஊர்ப் பிள்ளைகளை மறைக்கிறது. “குண்டாயிருவேனோன்னு பயமா இருக்கு” என்று சொன்னால்தான் அனோரெக்சியா என்று பாடப்புத்தகம் பழக்கியிருக்கிறது. நம் பிள்ளைகள் பலர் அப்படிச் சொல்வதில்லை. வயிறு உப்புசம், எதுக்களிப்பு, சோறு இறங்கவில்லை என்பார்கள். 1995-ல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் ஐந்து இளம்பெண்களைப் பற்றி எழுதினார்கள்: சாப்பிட மறுப்பு, வாந்தி, எடை இழப்பு, மாதவிலக்கு நிற்றல் எல்லாம் இருந்தன, உடலின் தோற்றம் பற்றிய கவலை மட்டும் மேலை நாட்டு நோயாளிகளிடம் போல் இல்லை. ஹாங்காங்கில் மனநல மருத்துவர் சிங் லீயும் 1990-களில் இதையே கண்டார். இது அரிதான நோயும் இல்லை: பெங்களூரு மனநல மருத்துவர்களிடம் நடத்தி 2012-ல் வெளியான ஆய்வில் மூன்றில் இரண்டு பங்கினர் உணவுக் கோளாறு உள்ள நோயாளி ஒருவரையாவது பார்த்ததாகச் சொன்னார்கள். ஆகவே, வயிற்று உபாதை என்று வரும் பிள்ளைக்கு அந்த வழியாகவே கதவைத் திறக்க வேண்டும்.

எங்கள் ஊருக்கென்று ஒரு கண்பழக்கமும் உண்டு. பள்ளியில் மதியச் சோறு போட்ட காமராஜரை 1957-லும் 1962-லும் சட்டமன்றத்துக்கு அனுப்பியது சாத்தூர்த் தொகுதி. 2018 முதல் விருதுநகர் ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ பட்டியலில் இருக்கிறது. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் தொடங்கியது பக்கத்து மதுரையில். இந்த உணவுத் திட்டங்களில் எங்களுக்குப் பெருமைதான். ஆனால் பட்டினி என்றால் சோறு இல்லாதது என்றே இங்கு எல்லாருக்கும் பழகிவிட்டது. தட்டில் சோறு இருக்கும்போதே எழுந்துபோகும் பிள்ளை கண்ணில் படுவதில்லை. படும்போதும் ரத்தசோகை, வறுமை, பரீட்சை டென்ஷன் என்று ஏதாவது ஒரு காரணம் தயாராக இருக்கிறது. அங்கன்வாடியில் மாதாமாதம் போட்ட எடை, பள்ளிக்குப் போனதும் தேய்ந்துவிடுகிறது.

பிறகு கூலி. தீப்பெட்டியிலும் பட்டாசிலும் பலருக்குச் செய்த வேலைக்குத்தான் காசு. சாத்தூரிலிருந்து மதுரை ஏறத்தாழ 70 கிலோமீட்டர். ஒரு ரிவியூ என்றால் ஒரு நாள் கூலி போய்விடும், வாரா வாரம் வரச்சொன்னால் அந்த வீட்டில் அடுப்பு எரிவது சந்தேகம். கல்யாணக் கவலை இதைவிடப் பெரிது. மனநல வார்டு வாசலில் சொந்தக்காரர் யாராவது பார்த்துவிட்டால் பிள்ளைக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்ற பயத்தை அறியாமை என்று நாங்கள் தள்ளமாட்டோம். ஊர் அப்படித்தான் நடந்துகொள்கிறது. 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டுக் கிடந்த மனநோயாளிகள் தீயில் செத்ததை எங்கள் தலைமுறை மறக்கவில்லை. மனநல சிகிச்சை என்றால் கட்டிப்போடுவது என்ற படம் மனதில் அப்படியே நிற்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை முற்றாகத் தடை செய்திருக்கிறது என்பதை எத்தனை பேருக்கு யார் போய்ச் சொன்னோம்?

“மனசு மாறினால் சாப்பிடுவாள்” என்ற நம்பிக்கைக்கு எதிரான பெரிய சான்று 1944–45-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் கிடைத்தது. ஆய்வாளர் ஆன்செல் கீஸ் 36 ஆரோக்கியமான இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டார். மனநோய் எதுவும் இல்லாமல் வந்தவர்கள். எடை குறையக் குறைய அவர்கள் சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள், சாப்பாட்டை மணிக்கணக்கில் அளைந்து தின்றார்கள், ஆட்களை ஒதுக்கி, சிடுசிடுத்து, மனம் சோர்ந்தார்கள். பட்டினியே மனசை அப்படி ஆக்கியது. நாங்கள் சொன்ன பிள்ளையும் தம்பிக்கு முறுகலாகத் தோசை வார்த்துப்போடுவாள், காராசேவுப் பொட்டலத்தைப் பிரித்து வீட்டில் எல்லாருக்கும் பங்குவைப்பாள், தான் ஒன்று தொடமாட்டாள். உடலுக்குச் சோறு போகாமல் அறிவுரை ஏறாது. அனோரெக்சியாவையே குணமாக்கும் மாத்திரை என்று ஒன்றும் கிடையாது; சோறுதான் முதல் மருந்து.

சிகிச்சைக்குள் வர எது உதவியது? நாங்கள் பார்த்தவரை, திட்டாத ஒரு ஆள். பெரும்பாலும் டீச்சர், சில நேரம் கிராம சுகாதார செவிலியர். “ஏன் சாப்பிடலை” என்று கேட்காமல் “குளிருதா, தலை சுத்துதா” என்று கேட்டவர்கள். அந்தப் பெண் இரண்டாம் முறை வந்தபோது நாங்கள் மருத்துவமனைக்கு அழைத்துப்போனது நாடித்துடிப்புக்காக. வளரிளம் பிள்ளைக்குப் பகலில் விழித்திருக்கும்போது நாடி நிமிடத்துக்கு 50-க்குக் கீழே போனால் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும் என்பது பொதுவான மருத்துவ வழிகாட்டல். “இதயம் களைச்சுப்போயிருக்கு, கவனிக்கணும்” என்றதும் அம்மா மறுபேச்சு பேசவில்லை. பொது வார்டில் படுக்க வைத்தார்கள். மூன்றாம் நாள் மனநல மருத்துவர் அவள் கட்டிலுக்கே வந்தார். அதற்குள் பிள்ளைக்கும் அந்த வார்டு பழகியிருந்தது.

அம்மாவைக் குற்றவாளி ஆக்காததும் உதவியது. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான குடும்பவழிச் சிகிச்சை, நோயைப் பெற்றோர்மேல் சுமத்தாமல் சோறூட்டும் பொறுப்பைக் கொஞ்ச காலம் அவர்கள் கையிலேயே கொடுக்கிறது. 19 வயதுக்குள் தொடங்கி, அதிக நாள் ஆகாத நோயில் அது நன்றாக வேலை செய்கிறது என்று 1987-லேயே காட்டினார்கள். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய் ஊட்டுவதற்கு நம் வீடுகளில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சண்டை போடாமல் உட்காரத்தான் பயிற்சி வேண்டும்.

இனி எங்கள் கோரிக்கைகள். சாப்பிடவில்லை, மாதவிலக்கு நின்றுவிட்டது, மயக்கம் என்று எந்தப் பிள்ளை வந்தாலும், அரசு மருத்துவமனையோ தனியார் கிளினிக்கோ, சீட்டின் தலைப்பில் எடை, உயரம், நாடி மூன்றையும் எழுத வேண்டும். பையன்களுக்கும்தான்; போலீஸ் செலக்‌ஷனுக்கு என்று உடம்பைக் குறைக்கத் தொடங்கி நிறுத்த முடியாமல் போனவர்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்கு யோசிக்காமல் குளுக்கோஸ் ஏற்றுவதை நிறுத்த வேண்டும். அதனால் ரத்தத்தில் பாஸ்பேட் திடீரெனச் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். 2022 முதல் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கிருந்து மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனநல மருத்துவர் ஒருவர் சாத்தூருக்கு வரட்டும், வயிற்று நோய்க்கும் மாதவிலக்குப் பிரச்சினைக்கும் பார்க்கிற அதே அறையில் உட்காரட்டும். ஏர்வாடி தர்காவில் மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்து நடக்க அரசு வழி செய்தது. வயிற்று வலிக்கு நேர்ந்துகொண்டு வருகிறவர்கள் கூடும் இருக்கன்குடியில், ஆடிக் கடைசி வெள்ளியன்றாவது ஒரு செவிலியரும் ஒரு எடை மெஷினும் இருந்தால் என்ன குறைந்துவிடும்? நேர்த்திக்கடனை நாங்கள் தடுக்கவில்லை, வரிசையில் நிற்கும்போது எடை பார்த்துக்கொள்ளட்டும்.

எங்கள் பங்குக்கு: 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம் என்பதைத் தீப்பெட்டி ஆபீஸ்களில் எழுதி ஒட்டுகிறோம். விருதுநகரோ மதுரையோ, முதல் மூன்று ரிவியூவுக்குப் பஸ் காசும் அம்மாவின் அன்றைய கூலியும் குழு தரும். கூட ஒருவர் வருவார். எங்கே போகிறீர்கள் என்று பஸ்ஸில் யாராவது கேட்டால், “ஹார்ட் செக்கப்புக்கு” என்று சொல்லிக்கொள்ளலாம். அது பொய்யும் இல்லை.