கோவிந்தன் பெயரில் ஒரு பரிசு வேண்டும்

என்னிடம் உயர்தரத்தில் அரசறிவியல் படித்த பிள்ளை ஒருத்தி, முதுமாணிப் பட்டத்துக்குத் தன் தாத்தாவின் தொழிற்சங்கத்தைப் பற்றி ஆய்வேடு எழுதினாள். தாத்தா மடுல்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் செங்கொடிச் சங்கத் தலைவராக இருந்தவர். சந்தாப் புத்தகங்கள், கைப்பட எழுதிய கூட்டக் குறிப்புகள், மொஸ்கோ முன்னேற்றப் பதிப்பகம் அச்சிட்ட தமிழ்ப் புத்தகங்கள் என்று லயத்து வீட்டின் தகரப் பெட்டியில் கிடந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு வந்து கட்டுகஸ்தோட்டையில் என் வீட்டு மேசையில் பரப்பினாள். பாதியைக் கறையான் தின்றிருந்தது. மீதியை வைத்து அவள் எழுதிய ஆய்வேட்டை மேற்பார்வையாளரும் பரீட்சகரும் நானும் படித்தோம். வேறு யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

அமெரிக்காவில் ஸ்லாவிய, கிழக்கு ஐரோப்பிய, யூரேசிய ஆய்வுச் சங்கம் ஒன்று இருக்கிறது. 1948இல் தொடங்கியது. பட்டப்பின் படிப்பு மாணவர் எழுதும் சிறந்த கட்டுரைக்கென்றே அது தனிப் பரிசு வைத்திருக்கிறது. கம்யூனிசம் ஆண்ட நாடுகளில் அதற்குப் பின் என்ன நடந்தது என்பதை அங்கே இளைஞர்கள் தோண்டித் தோண்டி எழுதுகிறார்கள். அப்படியொரு பரிசு நமக்கும் வேண்டும். இங்கே கம்யூனிஸ்ட் கட்சி தனித்து ஆண்டதில்லையே என்று கேட்பவர்கள் கண்டி மாவட்டத்தைச் சற்றுச் சுற்றிப் பார்க்கட்டும்.

இங்கிருந்து வத்தேகம வழியாகப் போனால் மடுல்கலை. அங்கே ரெலுகாஸ் தோட்டத்தில் சின்னதுரையாகப் பழக வந்த பிரேஸ்கேர்டில் என்ற இளைஞர் தொழிலாளர் பக்கம் நின்றார். 1937இல் அவரை நாடு கடத்த ஆளுநர் ஸ்டப்ஸ் உத்தரவிட்டார். உயர் நீதிமன்றம் அந்த உத்தரவு செல்லாது என்றது. ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயா. 1940 ஜனவரியில் அங்கே வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். கண்டி நகருக்குள் போகம்பறைச் சிறை. இடதுசாரித் தலைவர்களான என்.எம். பெரேராவும் பிலிப் குணவர்தனவும் கொல்வின் ஆர். டி சில்வாவும் 1942 ஏப்ரலில் அங்கிருந்துதான் தப்பினார்கள்.

கோவிந்தனின் மனைவிக்காக விசாரணை ஆணைக்குழு முன் வாதாடியவர் இந்தக் கொல்வின். அதே கொல்வின் 1970இல் பெருந்தோட்டக் கைத்தொழில் அமைச்சரானார். அவர் அமைச்சராக இருந்த காலத்தில்தான் 1973–74இன் பசி தோட்டங்களை வாட்டியது. மாவும் அரிசியும் இல்லாமல் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். லயங்களில் சாவு விழுந்தது. இடதுசாரிகளைத் தங்கள் ஆட்கள் என்று நம்பிய தொழிலாளர் அந்த வருடங்களில் என்ன நினைத்தார்கள்? அந்தப் பிள்ளையின் ஆய்வேட்டில் இதற்கு ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது. கட்சி வரலாறுகளில் நான் காணாததை அவள் கிழவிகளிடம் கேட்டு எழுதியிருக்கிறாள்.

எழுதப்படாமல் கிடப்பது இன்னும் ஏராளம். 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகும் ரஷ்யா நம் தேயிலையின் பெரிய சந்தையாகவே இருக்கிறது. 2017 டிசம்பரில் ஒரு வண்டைக் காரணம் காட்டி அது இறக்குமதியைச் சில நாட்கள் நிறுத்தியபோது கொழும்பு பதறியது. அங்கே அரசாங்கம் வாங்குகிற காலம் போய்த் தனியார் வாங்குகிற காலம் வந்ததே, அதனால் கொழுந்து பறிப்பவளின் நாட்சம்பளத்தில் ஏதாவது மாறியதா? மொஸ்கோவின் லுமும்பா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கப் போன விஜேவீர தொடங்கிய கட்சி, தன் பழைய வகுப்புகளில் 'இந்திய விஸ்தரிப்புவாதம்' என்று பாடம் நடத்தியது. தோட்டத் தமிழர் அந்தப் பாடத்தில் சந்தேகத்துக்குரியவர்களாக நின்றார்கள். 2024 செப்டம்பரில் அந்தக் கட்சியின் தலைவர் ஜனாதிபதியானார். சர்வதேச நாணய நிதியத்தின் திட்டத்தையும் தொடர்கிறார். இதைவிடப் பெரிய ஆய்வுப் பொருளை நம் மாணவர் எங்கே போய்த் தேடுவது?

பேராதனையில் வரலாற்றுத் துறையும் அரசறிவியல் துறையும் சேர்ந்து இந்தப் பரிசைத் தொடங்க வேண்டும். கட்டுரை தமிழிலோ சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கலாம். தமிழில் எழுதினால் புள்ளி குறையும் என்ற பயம் ஒரு மாணவருக்கும் வரக்கூடாது. தோட்டத்துக்குப் போய் ஆட்களிடம் பேசியிருக்க வேண்டும், வீட்டுக் காகிதங்களைப் படித்திருக்க வேண்டும் என்பதை நிபந்தனையாகவே போடலாம். வென்ற கட்டுரையை இன்னொரு மொழியில் பெயர்த்து அச்சிடுவது பணத்தைவிடப் பெரிய பரிசு. பேராதனையில் சிங்களத்தில் எழுதும் மாணவர் முல்லோயாவைப் பற்றித் தமிழ்ப் பிள்ளை எழுதியதைப் படிக்கட்டும்.

பரிசு கோவிந்தன் பெயரில் இருக்கட்டும். தலைவர்களுக்குச் சிலைகளும் வீதிகளும் இருக்கின்றன. முதல் வருடத் தொகைக்கு என் ஓய்வூதியத்திலிருந்து ஒரு பங்கைத் தர நான் தயார். தோட்டப் பாடசாலைகளில் படித்து இன்று டொரொன்டோவிலும் லண்டனிலும் உழைக்கிற நம் பிள்ளைகள் மீதியைச் சேர்த்துக் கொடுப்பார்கள். பல்கலைக்கழகம் அடுத்த கல்வியாண்டுக்குள் அறிவித்தால், சந்தாப் புத்தகத்தை விளக்கிச் சொல்லக்கூடிய பழைய தலைவர்கள் இரண்டொருவராவது அப்போதும் இருப்பார்கள்.