பந்தியும் பக்தியும்

“மதம் மங்கிவிட்டது” என்கிறார் ஒருவர். “எங்கே மங்கியது? ஆலங்குடிக்குப் போய்ப் பாரும்!” என்கிறார் மற்றவர். நீடாமங்கலம் ஜங்ஷனில் மன்னார்குடி வண்டிக்குக் காத்திருந்த வேளையில் நம் காதில் விழுந்த வாதம் இது.

குருப்பெயர்ச்சிக்கு ஆலங்குடியில் கூட்டம் அலைமோதுகிறது, உண்மை. ஒப்புக்கொள்கிறோம். ஆனால் தலைகளை எண்ணி மதத்தின் செல்வாக்கை அளப்பவர்கள் தப்பான மரக்காலைக் கையில் எடுத்திருக்கிறார்கள் என்போம்.

சரியான மரக்கால் எது? இதே நீடாமங்கலம் சொல்லும்.

1937 டிசம்பர் 28. ஆச்சாரியார் சென்னை மாகாணத்தின் முதன் மந்திரியாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. இங்கே தென் தஞ்சை ஜில்லா காங்கிரஸ் மாநாடு. விருந்துப் பந்தியில் ஆதிதிராவிடத் தோழர்கள் சிலரும் உட்கார்ந்தார்கள். அவ்வளவுதான்! அடித்தார்கள், பிடித்து மொட்டையடித்தார்கள், சாணிப்பாலை ஊற்றினார்கள். என்ன குற்றம் செய்தார்கள் அவர்கள்? யார் வரப்பை வெட்டினார்கள்? யார் பட்டறை நெல்லைத் திருடினார்கள்? இலை முன் அமர்ந்தார்கள், தோழர்களே! அந்த இலையில் விழுந்த சோறு, அவர்கள் இனத்தார் சேற்றில் நின்று நட்டு, அறுத்து, களத்தில் அடித்துக் கொடுத்த நெல்லல்லவா! நெல்லுக்குத் தீட்டில்லை, நட்ட கைக்குத்தான் தீட்டு! ‘விடுதலை’யும் ‘குடி அரசு’ம் உரக்கச் சொல்லாதிருந்தால், சாணியோடு சேர்த்து உண்மையையும் கழுவி விட்டிருப்பார்கள்.

அடித்த கை பண்ணையின் கை. “இது பாவமல்ல, முறைமை” என்று அந்தக் கைக்குத் தைரியம் தந்தது எது? தீட்டு என்ற ஒரு சொல். அதற்குச் சாஸ்திரம் குத்திய முத்திரை. அந்த முத்திரை செல்லாக் காசாவதைத்தான் மதத்தின் பிடி தளர்வது என்கிறோம். கும்பிடுகிறவன் கும்பிடட்டும், பக்கத்தில் உட்காருகிறவன் யார் என்று தீர்மானிக்கும் அதிகாரம் மதத்துக்கு வேண்டாம்.

பிரான்சில் 1905இல் சட்டம் போட்டு மாதாகோயிலையும் அரசையும் பிரித்தார்கள். அங்கே அது பெரிய காரியம். நமக்கோ பந்தி, மணப்பந்தல், கருவறை என்று ஒவ்வொரு வாசலிலும் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. 1967இல் அண்ணா ஆட்சி இயற்றிய சட்டத்தால் ஐயரில்லாத திருமணம் செல்லுபடியானது. முன்பு நடந்தவையும் செல்லும் என்றானது. 1970இல் பரம்பரை அர்ச்சகர் உரிமை ஒழிந்தது. 1972இல் உச்சநீதிமன்றமும் அந்த ஒழிப்பை ஏற்றது. ஆயினும் பயிற்சி பெற்ற பல சாதியினர் அர்ச்சகராக நியமன ஆணை பெறுவதற்கு 2021 ஆகஸ்டு வரை காத்திருந்தார்கள். ஐம்பதாண்டுக் காத்திருப்பு! ஆமை தேவலை.

அத்தோடு வேலை முடிந்ததா? இல்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் எரிந்தபோது எவரும் சாஸ்திரத்தைப் புரட்டவில்லை. கூலி நெல் கேட்டதும், சங்கம் சேர்ந்ததுமே அங்கே குற்றம். மதம் விட்டுக்கொடுத்த இடத்தில் நிலமும் சாதியும் தாமே காவல் நிற்கக் கற்றுக்கொண்டன. கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்காத வீட்டிலும் மகளுக்கு மாப்பிள்ளை தேடும்போது சாதி முதல் கேள்வியாக வருகிறது. நம் தோழர்கள் சிலரையும் சேர்த்தே சொல்லுகிறோம், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஆலங்குடிக் கூட்டத்தை எண்ணும் வேலை நமக்கு வேண்டாம். கிளைத் தோழர்கள் அவரவர் ஊரில் சுடுகாடு எத்தனை, பிணம் போகும் பாதை எத்தனை என்று எண்ணி எழுதட்டும். ஊர்ப் பெயரோடு வெளியிடுகிறோம்.