ஓர் ஓட்டைக்கு இத்தனை யோசனையா?

ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடும் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். வீரர் சுட்ட அடுத்த நொடியே திரையில் புள்ளி வந்துவிடுகிறது. 10.3, 9.8 என்று தசமம் வரை கணக்கு. இன்று அந்த வேலையை மின்னணு இலக்கு செய்கிறது. அதற்கு முன்பு, பல பத்தாண்டுகளாக, இந்த விளையாட்டின் சாட்சி ஒரு காகிதம்தான். காகிதத்தில் விழுந்த ஓட்டையைப் பார்த்துத்தான் நடுவர் புள்ளி போட்டார்.

விதி எளிமையானது. குண்டின் ஓட்டை ஒரு வளையத்தின் கோட்டைத் தொட்டாலே போதும், உள்வளையத்தின் அதிகப் புள்ளி கிடைத்துவிடும். 25 மீட்டர் துல்லியப் போட்டிக்கான இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 50 மில்லிமீட்டர். ஒன்பதா, பத்தா என்பதை ஒரு மயிரிழை தீர்மானிக்கும். அந்த மயிரிழை காகிதத்தில் தெளிவாகத் தெரிய வேண்டுமே! ரிவால்வர் குண்டின் வடிவம் மாறியதற்குப் பெரிய காரணமே இதுதான்.

உருண்டை மூக்கும் கிழிந்த காகிதமும்

அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனம் 1870-களில் ரஷ்யப் பேரரசின் ராணுவத்துக்காக ஒரு ரிவால்வரைத் தயாரித்தது. அதன் தோட்டாவுக்கு ‘.44 ரஷ்யன்’ என்று பெயர். துல்லியமாகச் சுடும் என்று பெயர் வாங்கியதால், போட்டி வீரர்கள் அதை விரும்பி எடுத்தார்கள். 1899-இல் அதே நிறுவனத்தின் ‘.38 ஸ்பெஷல்’ பிரபலமாகத் தொடங்கியது. இரண்டிலும் வழக்கமாக இருந்தது உருண்டை மூக்குள்ள ஈயக் குண்டு. .38 ஸ்பெஷலின் குண்டு சுமார் 10 கிராம் எடை.

உருண்டை மூக்கு காற்றில் நன்றாகவே போகும். காகிதத்திடம்தான் பிரச்சினை. அது காகிதத்தை வெட்டாது. ஒதுக்கித் தள்ளிக்கொண்டு போகும். நார்கள் விலகி, குண்டு போனதும் மறுபடி உள்ளே மடங்கும். ஓட்டையின் விளிம்பு நட்சத்திரம் போலக் கிழியும்; ஓட்டையும் குண்டின் உண்மையான அளவைவிடச் சிறியதாகத் தெரியும். கோட்டைத் தொட்ட குண்டு தொடாதது போலத் தோன்றும். சரியாகச் சுட்டும் ஒரு புள்ளி போய்விடும்.

தக்கை வெட்டும் உளி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதற்கு விடை தேடியவர்களில் ஒருவர் ஏ. எல். ஏ. ஹிம்மல்ரைட். தொழிலால் கட்டடப் பொறியாளர். 1906-ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்திலும் தீயிலும் கட்டடங்கள் எப்படிச் சேதமடைந்தன என்று நூல் எழுதியவர். ரிவால்வர் சுடுவதில் ஆர்வம் மிகுந்த அவர், முன்பகுதி தட்டையாகவும் விளிம்பு கூராகவும் இருக்கும்படி குண்டு ஒன்றை வடிவமைத்தார்.

இந்த வகைக்கு ‘வாட்கட்டர்’ என்று பெயர். பழைய துப்பாக்கிகளில் மருந்துக்கும் குண்டுக்கும் இடையே வட்டமான தக்கை ஒன்றை வைப்பார்கள், அதுதான் ‘வாட்’. கம்பளித் துணியிலிருந்து அதை வெட்டியெடுக்கும் வட்ட உளியின் பெயரே குண்டுக்கும் வந்தது. பெயருக்கேற்ற வேலை: காகிதத்தில் அச்சுப் பிசகாத வட்டம்.

பின்னாளில் .38 ஸ்பெஷல் வாட்கட்டர், பார்ப்பதற்கு ஒரு சிறு உருளையாகவே ஆகிவிட்டது. எடை சுமார் 9.6 கிராம். வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 220 மீட்டர். ஒலியின் வேகத்தைவிட மிகக் குறைவு. காகிதத்தைத் துளைக்க அதற்கு மேல் வேகம் எதற்கு? மென்மையான உதைப்பு, நடுங்காத கை, தெளிவான ஓட்டை. போட்டி வீரருக்கு இவை போதும். ஒரு குறை உண்டு. தட்டை முகத்தைக் காற்று எதிர்த்து நிற்பதால், தூரம் கூடக் கூட குண்டு தள்ளாடத் தொடங்கும். அது குறுகிய தூரத்துப் பந்தயக் குதிரை.

பண்ணையாளரின் நடுவழி

அய்டஹோ மாநிலத்தில் பண்ணை வைத்திருந்த எல்மர் கீத் (1899–1984) வேறு கேள்வி கேட்டார். காகிதத்தையும் சுத்தமாக வெட்ட வேண்டும், தூரத்திலும் நேராகப் போக வேண்டும். ஒரே குண்டால் முடியுமா? 1920-களின் பிற்பகுதியில் அவர் வரைந்த வடிவம்தான் ‘செமி-வாட்கட்டர்’. முன்னால் கூம்பு போல நீண்டு, நுனி மட்டும் தட்டை. கூம்பு முடியும் இடத்தில், குண்டின் முழு அகலத்துக்கும் ஒரு கூரான தோள். நுனி வழி காட்ட, தோள் காகிதத்தை வெட்டும். உடம்பைச் சுற்றி ஒரே அகலத்தில் மூன்று பட்டைகள். நடுவே மசகு நிற்கச் சதுரமாக வெட்டிய ஆழமான பள்ளம்.

பின்னாளில் சில அச்சுகளில் அந்தச் சதுரப் பள்ளம் வளைந்த பள்ளமானது. வளைவாக இருந்தால் குண்டு அச்சிலிருந்து எளிதாகக் கழன்று விழும். தயாரிப்பாளருக்கு வசதி. கீத்துக்கோ அது பிடிக்கவில்லை. தன் வடிவத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று குறை சொன்னார்.

ஐடியல், பின்னர் லைமன் என்ற நிறுவனங்கள் விற்ற அச்சுகளுக்கு எண்தான் பெயர். கீத்தின் .38 குண்டுக்கு 358429, .44 குண்டுக்கு 429421. இதைப் படிக்க ஒரு வழி உண்டு. முதல் மூன்று இலக்கங்கள் குண்டின் குறுக்களவு: 358 என்றால் 0.358 அங்குலம், அதாவது சுமார் 9.1 மில்லிமீட்டர். மீதி, வடிவத்தின் வரிசை எண். ஹென்ஸ்லி அண்ட் கிப்ஸ் என்ற சிறு நிறுவனத்தின் 50-ஆம் எண் வாட்கட்டர் அச்சையும் பழைய வீரர்கள் இன்றும் பெருமையோடு சொல்வார்கள்.

மூக்கைவிட முக்கியம் அடிப்பகுதி

மூக்கைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். ஆனால் துல்லியத்தின் ரகசியம் மறுமுனையில் இருக்கிறது. ஃபிராங்க்ளின் மான் என்ற அமெரிக்க மருத்துவர் பல ஆண்டுகள் சோதனை செய்து 1909-இல் ஒரு நூல் வெளியிட்டார். குண்டுகளை வேண்டுமென்றே சிதைத்துச் சுட்டுப் பார்த்தவர் அவர். மூக்கு நசுங்கினாலும் குண்டு பெரிதாக வழி தவறவில்லை. அடிப்பகுதியில் சிறு பழுது இருந்தாலே விலகிப் போனது. காரணம் எளிது. குழலை விட்டுக் கடைசியாக வெளியேறுவது அடிப்பகுதி. அதன் ஒரு பக்கம் பழுதுபட்டிருந்தால், பின்னாலிருந்து சீறும் வாயு அந்தப் பக்கமாக முந்திக்கொண்டு குண்டைத் தட்டிவிடும். அதனால்தான் குண்டு வார்ப்பவர்கள் முதலில் திருப்பிப் பார்ப்பது அடியைத்தான்.

செய்தித்தாளிலிருந்து வந்த உலோகம்

வெறும் காரீயம் மிக மென்மையானது. அதனால் கொஞ்சம் வெள்ளீயமும் ஆன்டிமணியும் சேர்ப்பார்கள். வெள்ளீயம் இருந்தால் உருகிய உலோகம் அச்சின் மூலை முடுக்கெல்லாம் ஓடி நிரம்பும். ஆன்டிமணி கடினத்தைக் கொடுக்கும்.

கேட்ட கதையாக இருக்கிறதா? அச்சு எழுத்துக்கும் அதே தேவைதான். 1886 முதல் பத்திரிகை உலகை ஆண்ட லைனோடைப் இயந்திரத்தின் உலோகத்தில் சுமார் 84 விழுக்காடு காரீயம், 12 விழுக்காடு ஆன்டிமணி, 4 விழுக்காடு வெள்ளீயம். தமிழ் அச்சுக்கூடங்களில் ஒவ்வோர் எழுத்தாகக் கையால் கோத்த காலத்து எழுத்துகளும் இதே உலோகக் குடும்பம்தான். 1978 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் ஈய அச்சுக்கோப்பைக் கைவிட்டுக் கணினிக்கு மாறியது. மற்ற பத்திரிகைகளும் அதே வழியில் போயின. அமெரிக்காவில் அப்படிக் கழித்துக் கட்டிய உலோகத்தில் ஒரு பங்கு குண்டு வார்ப்பவர்களிடம் போய்ச் சேர்ந்தது. நேற்றுவரை தலைப்புச் செய்தி, இன்று வாட்கட்டர்!

வீட்டுக்குள் வரக்கூடாத விருந்தாளி

இங்கே ஒரு விளக்கம் தேவை. பாட்டி ரசம் வைத்த ஈயச் சொம்பும் ஈயம்தானே என்று கேட்கத் தோன்றும். உண்மையான ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. குண்டு வார்ப்பது காரீயத்தில். இரண்டையும் ‘ஈயம்’ என்றே சொல்லிவிடுகிறோம். ஒன்று சமையலறைக்கு ஏற்றது, மற்றது நஞ்சு.

காரீயம் இரத்தத்தில் இந்த அளவுவரை இருந்தால் பாதுகாப்பு என்று சொல்லத்தக்க அளவே இல்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலை. பிள்ளைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். கர்ப்பிணியின் உடலிலிருந்து கருவுக்கும் செல்லும். துப்பாக்கிச் சுடுதளத்தில் ஆபத்து குண்டிலிருந்து மட்டும் வருவதில்லை. தோட்டாவைப் பற்றவைக்கும் மருந்திலும் பெரும்பாலும் காரீயச் சேர்மம் இருக்கிறது. அது புகையாகி மூச்சில் கலக்கும். தூசியாகிக் கையிலும் உடையிலும் ஒட்டும். மூடிய கூடமாக இருந்தால் நல்ல காற்றோட்டம் கட்டாயம்.

ஆகவே, சுடுதளத்துக்குப் போகும் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் சில பழக்கங்களை வலியுறுத்துங்கள். அங்கே எதையும் சாப்பிட வேண்டாம். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை, முகம் கழுவ வேண்டும். காலணியை வாசலிலேயே விட வேண்டும். உடை மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்க வேண்டும். அந்த உடையைத் தனியாகத் துவைப்பது நல்லது.

நம் கண்முன்னே அதே வடிவம்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உரிமம் இல்லாமல் துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டா வைத்திருப்பதும் கடுங்குற்றம். வீட்டில் குண்டு வார்ப்பது நமக்கு உரிய பொழுதுபோக்கு அல்ல. ஆனாலும் ஹிம்மல்ரைட்டின் யோசனையை நாம் பார்த்திருக்கிறோம். 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியின் 4.5 மில்லிமீட்டர் குண்டின் முகமும் தட்டைதான். காற்றுரைஃபிள் இலக்கின் பத்து, வெறும் 0.5 மில்லிமீட்டர் புள்ளி. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பிணியாக நின்று சுட்ட மலேசியாவின் நூர் சூர்யானி, 2018 காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்ற சிங்கப்பூரின் மார்ட்டினா வெலோசோ, கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் ஆகியோர் குறி வைத்தது அந்தப் புள்ளிக்குத்தான்.

அடுத்த முறை இந்தப் போட்டி தொலைக்காட்சியில் வரும்போது, பிள்ளைகளைக் கூப்பிட்டு ஒரு பேனாவை வைத்து விளக்கிக் காட்டுங்கள். கூரான முனையால் ஒரு தாளைக் குத்துங்கள். பிறகு காகிதம் துளைக்கும் பஞ்சால் அதே தாளில் ஒரு துளை போடுங்கள். முதல் ஓட்டை கிழிந்திருக்கும், இரண்டாவது வட்டமாக இருக்கும். நூறாண்டுக் கதை அந்த ஒரு தாளில் புரிந்துவிடும்.