விமானம் எட்டு மணிக்கு, மூட்டை எத்தனை மணிக்கு?

நம் ஊரில் ஏலக்காய் பேசாத வாய் இல்லை. இன்று சராசரி என்ன, உச்ச விலை என்ன என்று தேநீர்க் கடையில் கேட்பவர்கள் பலர். அந்தக் காய் தில்லிக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று கேட்பவர் இல்லை. கேட்க வேண்டும் என்பது என் கட்சி. விமானத்தில் சரக்குப் போகும் நாட்களில், காய் பொறுக்கும் பெண்கள் எத்தனை மணிக்கு வீடு திரும்பலாம் என்பதைத் தொண்ணூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள மதுரை விமான நிலையத்தின் சரக்கு வாசல்தான் முடிவு செய்கிறது. என் தாயாரும் அப்பெண்களில் ஒருவர். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். விடுமுறை நாட்களில் ஒரு குடோனில் சீட்டு எழுதப் போவதால், இந்தக் கணக்கை இரு பக்கமும் பார்க்கிற வாய்ப்புக் கிடைத்தது.

முதலில் ஒரு நியாயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். ஏலக்காய் மல்லிகைப் பூ அன்று. ஸ்டோரில் பக்குவமாக உலர்த்தி, ஈரம் பத்து சதவீத அளவுக்கு வந்த காய், கறுப்புப் பாலிதீன் உள்ளுறையிட்ட சாக்கில் மாதக்கணக்கில் நிறம் மாறாமல் இருக்கும். அதைப் பறக்கவிடுவானேன்? வட்டி மிச்சம் என்று சிலர் சொல்வார்கள். கணக்குப் படிக்கிற மாணவன் ஆதலால் போட்டுப் பார்த்தேன். கிலோ 2,500 ரூபாய் என்று கொள்வோம். 500 கிலோவுக்கு 12,50,000 ரூபாய். ஆண்டுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டி. லாரியை விட விமானத்தில் ஐந்து நாள் மிச்சம் என்றால், ஐந்து நாள் வட்டி ஏறத்தாழ 2,055 ரூபாய். கிலோவுக்கு நான்கு ரூபாய் சொச்சம். இந்த நான்கு ரூபாய்க்காக விமானம் ஏற்றுகிறவர் எவரும் இல்லை.

ஆகவே விமானத்துக்கு வேறு காரணம் வேண்டும். தீபாவளிக்கு முன் தீர்ந்துபோன சரக்கு, அவசரமாகக் கேட்ட மாதிரி, விலை நாளுக்கு நாள் ஆடுகிற காலம் ஆகியவையே அந்தக் காரணங்கள். 2019 ஆகஸ்டில் ஏலத்தில் உச்ச விலை கிலோ 7,000 ரூபாயைத் தொட்டதே, அப்படிப்பட்ட காலத்தில் ஐந்து நாள் என்பது பெரிய தொகை. இங்கே காய்க்கு இன்னொரு சாதகமும் உண்டு. விமானச் சரக்கில் எடை, பருமன் இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கூலி. 6,000 கன சென்டிமீட்டரை, அதாவது ஆறு லிட்டரை, ஒரு கிலோவாகக் கணக்கிடுவது பொது வழக்கம். முதல் தர ஆலப்புழைப் பச்சை லிட்டருக்கு 435 கிராம் நிற்க வேண்டும் என்பது அக்மார்க் விதி. அப்படியானால் ஆறு லிட்டர் காய் இரண்டரைக் கிலோவுக்கு மேல் வரும். பருமன் என்று சொல்லி நம்மிடம் கூடுதல் கூலி வாங்க முடியாது. பூ வியாபாரிக்கு இந்தப் பாக்கியம் இல்லை, பாவம்.

இனி நேரத்துக்கு வருவோம். பறக்கும் நேரத்தை எல்லோரும் சொல்வார்கள். சரக்கை ஏற்கும் வாசல் எப்போது மூடும் என்பதை யாரும் சொல்ல மாட்டார்கள். பயணி ஓடிப்போய் ஏறிக்கொள்ளலாம், மூட்டை ஓடாது. அதை எடை போட வேண்டும், எக்ஸ்ரே சோதனை வேண்டும், ஏர்வே பில் வேண்டும். அத்தனையும் முடிந்த பிறகும் பயணிகளின் பெட்டிகளுக்குப் போக மிஞ்சிய இடந்தான் நம் மூட்டைக்கு. காலை எட்டு மணிக்கு விமானம் என்றும், வாசல் மூன்று மணி நேரம் முன்பே மூடுகிறது என்றும் வைத்துப் பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். ஐந்து மணிக்கு வாசல் மூடும். நான்கு மணிக்கு வண்டி அங்கே நிற்க வேண்டும். தேனி, உசிலம்பட்டி வழியாகப் பாரத்தோடு போக மூன்று மணி நேரம். ஆக, இரவு ஒரு மணிக்குப் போடியை விட்டுக் கிளம்ப வேண்டும். பாரம் ஏற்றவும் இ-வே பில் போடவும் ஒரு மணி நேரம். நள்ளிரவு பன்னிரண்டுக்குக் கடைசி மூட்டை தைத்திருக்க வேண்டும். அதற்குமுன் காய் பொறுக்கி, சல்லடையில் தரம் பிரித்து முடித்திருக்க வேண்டும்.

அப்படி ஒரு நாள் இரவு பன்னிரண்டரைக்கு வீடு வந்த என் தாயார் கேட்டார்: "ஏம்ப்பா, பிளேன் ரெண்டு மணி நேரத்துல போயிரும்ங்கிறாங்க. அப்ப நாங்க எதுக்கு ராத்திரி பூரா உக்காந்திருக்கோம்?" அன்று என்னால் பதில் சொல்ல இயலவில்லை. பிறகு சரக்குப் போய்ச் சேரும் முனையைப் பார்த்தேன். பதில் அங்கே இருந்தது. காலை விமானத்தில் போன மூட்டை, இடையில் சென்னையிலோ மும்பையிலோ மாறி, பிற்பகலில் தில்லியில் இறங்குகிறது. அதை வெளியே எடுக்கச் சில மணி நேரம். தில்லிச் சாலைகளில் சரக்கு வண்டிகளுக்குத் தடை நேரங்கள் வேறு. காரி பாவ்லிச் சந்தையில் கடைக்காரர் மூட்டையைப் பிரிப்பது மறுநாள் காலையில்தான். மாலை விமானத்தில் போயிருந்தாலோ? இரவில் இறங்கியிருக்கும், மறுநாள் காலை, மிஞ்சினால் நண்பகலில், கடைக்குப் போயிருக்கும்.

மாலை ஆறு மணி விமானத்துக்கு அதே கணக்கைப் போடுங்கள். காலை பதினொன்றுக்கு வண்டி புறப்பட்டால் போதும். பொறுக்கும் வேலை முந்தின நாள் பொழுது சாயும்போதே முடிந்துவிடும். காலையில் வந்து மூட்டை தைக்கலாம். அப்படியிருந்தும் காலை விமானத்தைக் கேட்பது ஏன்? "இன்றே அனுப்பிவிட்டேன்" என்று தொலைபேசியில் சொல்லும் பெருமைக்காக என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பெருமையின் செலவு வியாபாரியின் கணக்குப் புத்தகத்தில் ஏறுவதில்லை.

வள்ளுவர் காலமறிதலை வைத்த கையோடு அடுத்த அதிகாரமாக இடனறிதலை வைத்திருக்கிறார். நேரத்தைச் சரிசெய்த பின் இடத்தையும் நாம் கேட்க வேண்டும். ஒவ்வொரு கடையும் தனித்தனி வண்டி பிடிப்பதற்குப் பதில், நாள்தோறும் பதினொரு மணிக்கு ஒரே பொது வண்டி புறப்படலாம். போடியிலேயே எடை போட்டு, சோதித்து, முத்திரை வைத்து அனுப்ப ஓர் ஏற்பு நிலையம் வந்தால், மதுரையில் காத்திருக்கும் நேரம் மிஞ்சும். 1928-இல் வந்த நம் ரயில், அகலப் பாதைக்காக 2010 முடிவில் நின்று, 2023 ஜூனில்தான் மறுபடி போடிக்கு வந்தது. அந்தச் சென்னை வண்டியில் காய் மூட்டைக்கும் இடம் கிடைத்தால், விடிந்ததும் சென்னையின் அத்தனை விமானங்களும் நமக்கு எட்டும்.

"மாலை விமானத்தில் இடம் கிடைக்காவிட்டால் என்ன செய்வாய்?" என்று குடோன் முதலாளி என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். மூட்டை ஓர் இரவு மதுரையில் தங்கும், மறுநாள் போகும் என்றேன். உலர்ந்த காய் ஓர் இரவு தங்கினால் கெட்டுப்போகாது என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். அடுத்த வாரம் இரண்டு சரக்கை மாலை விமானத்தில் அனுப்பிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.