இரண்டையும் சேர்க்கத் தோன்றியிருக்குமா?

தீப்பாதுகாப்புத் துறையில் அடிமுதல் நுனிவரை புதிதான பொருள் அரிது. புகை உணரி பழையது. தண்ணீர்த் தெளிப்பான் அதைவிடப் பழையது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைப் பொறியாளர் ஒருவர் ஜார்ஜ் டவுன் காப்புரிமை முகவரிடம் கொண்டுவருவது பெரும்பாலும் பழையவற்றின் புதிய சேர்க்கைதான். அதன் தலைவிதியை மலேசியாவின் 1983ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு தீர்மானிக்கிறது: துறையில் சாதாரணத் திறன் உள்ளவருக்கு, முன்கலையை வைத்துப் பார்க்கையில், இது வெளிப்படையாகத் தோன்றியிருக்குமா?

இதை ஊன்றிப் படிக்க ஏர்பஸ் – ஃபயர்பாஸ் வழக்கைவிட நல்ல பாடம் கிடைப்பது கடினம். அமெரிக்க ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015 ஜூலையில் அதில் தீர்ப்பளித்தது.

இகோர் கோட்லியார் என்பவர் முதலில் ஓர் அறைக்குக் காப்புரிமை பெற்றார். உயர்மலைக் காற்றைப் போல ஆக்சிஜன் குறைந்த காற்றில் பயிற்சியும் சிகிச்சையும் தருவதற்கான அறை அது. பின்னர் அதே வகைக் காற்றால் தீயைத் தடுக்கும் அமைப்புக்கு இன்னொரு காப்புரிமை பெற்றார். அறிவியல் இதில் அழகானது. சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 20.9 விழுக்காடு. கடல் மட்டத்தில் அதைச் சுமார் 15ஆகக் குறைத்தால், உள்ளே இருப்பவரின் நுரையீரலுக்கு அது ஏறக்குறைய 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டா உச்சி. மூச்சு வாங்கும், ஆனாலும் இருக்க முடியும். தீக்குச்சிக்கோ இரண்டும் ஒன்றல்ல. தொட்டபெட்டாவில் அது பற்றும். அங்கே காற்று மெலிந்திருந்தாலும் ஆக்சிஜனின் விகிதம் மாறவில்லை. அறையில் பற்றுவது கடினம். அங்கே கூடுதலாக உள்ள நைட்ரஜன் சுடரின் வெப்பத்தை உறிஞ்சிவிடுகிறது.

ஃபயர்பாஸ் வைத்திருந்த அந்த இரண்டாவது காப்புரிமையை மறு ஆய்வு செய்ய ஏர்பஸ் கோரியது. அந்த ஆய்வின்போது ஃபயர்பாஸ் சேர்த்த புதிய உரிமைக்கோரல்களை, பயிற்சி அறைக் காப்புரிமையைக் காட்டிப் பரிசோதகர் நிராகரித்தார். மேல்முறையீட்டு வாரியம் அந்த நிராகரிப்பை ரத்து செய்தது: பயிற்சி அறை வேறு துறை, தீயணைப்பு நிபுணர் அங்கே போய்த் தேடமாட்டார் என்றது. குறை ஆக்சிஜன் காற்று தீயைத் தடுக்கும் என்பது முன்பே அறியப்பட்டது எனக் காட்டும் வேறு நான்கு ஆவணங்கள் கோப்பில் இருந்தன. அந்த நிராகரிப்புக்குப் பரிசோதகர் அவற்றை ஆதாரமாகக் கொள்ளவில்லை என்பதால் வாரியம் அவற்றை எடைபோடவில்லை. நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. நிபுணர் எங்கே தேடியிருப்பார் என்ற கேள்விக்கே அந்த ஆவணங்கள் சான்று என்று சொல்லி, வாரியத்தின் முடிவை நீக்கித் திருப்பி அனுப்பியது. கண்டுபிடிப்பு வெளிப்படையானது என்று அது தீர்ப்பளிக்கவில்லை. இந்த வேறுபாட்டைத் தவறவிட்டு இவ்வழக்கை மேற்கோள் காட்டக் கூடாது.

தீர்ப்பு சரியானது என்பதே நம் நிலை. பக்கத்துத் துறை எது, தொலைவுத் துறை எது என்பதைக் காப்புரிமை வகைப்பாட்டு எண் சொல்லாது. தொழிலில் இருப்பவர்கள் அன்று என்ன படித்தார்கள், எதைப் பேசினார்கள் என்பதே சொல்லும். செல்லாததாக்கக் கோருபவர் காப்புரிமை ஆவணங்களை மட்டும் அடுக்கி வைத்தால் போதாது. பொம்பா (தீயணைப்புத் துறை) பயிற்சிக் குறிப்புகள், காப்பீட்டு நிறுவன அறிக்கைகள், தரநிலைகள், கடற்படை ஆய்வுகள் எல்லாம் காப்புரிமையின் முன்னுரிமைத் தேதிக்கு முன் வெளியானவையாக நீதிமன்றத்துக்கு வர வேண்டும். அவை இல்லாவிட்டால், விடை தெரிந்தபின் கேள்வியை எழுதும் பிழைக்கு நீதிபதியை நாமே தள்ளுகிறோம். வெளிப்படைத்தன்மையைச் சோதிக்க வின்ட்சர்ஃபிங் என்ற பிரிட்டிஷ் வழக்கு வகுத்த நான்கு படிகளை நம் நீதிமன்றங்கள் பின்பற்றுவதும் அந்தப் பிழையைத் தவிர்க்கத்தான்.

உரிமையாளர் பக்கத்துக்கும் வேலை இருக்கிறது. எரிவாயு அடுப்புப் பர்னர் பற்றிய சபாஃப் வழக்கில் 2004இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை, முன்னால் இருப்பது ஒரே கண்டுபிடிப்பா இரண்டா என்பதை முதலில் முடிவு செய்யச் சொன்னது. உணரி தன் வேலையையும் வால்வு தன் வேலையையும் செய்தால் அது வெறும் அடுக்கு. ஒன்று மற்றொன்றின் செயலை மாற்றுகிறது என்றால், அதைச் சோதனை எண்களோடு விவரக்குறிப்பிலேயே எழுத வேண்டும். சாட்சிக் கூண்டில் ஏறிய பிறகு சொல்வதற்கு மதிப்புக் குறைவு.

உரிமைக்கோரல்களைப் படிப்படியாக அமைப்பதிலும் இப்போது பொருள் உண்டு. 2015இல் எஸ்கேபி ஷட்டர்ஸ் வழக்கில் நம் கூட்டரசு நீதிமன்றம், முதன்மைக் கோரல் விழுந்தால் சார்புக் கோரல்களும் விழும் என்றது. 2019இல் மெர்க் – ஹோவிட் வழக்கில் அந்நிலையைக் கைவிட்டு, ஒவ்வொன்றையும் தனியே ஆராய வேண்டும் என்றது. சேர்க்கைக் கண்டுபிடிப்புகளுக்கு இது பெரிய ஆதரவு. ஆயினும் எல்லாச் சார்புக் கோரல்களுக்கும் ஒரே வரியில் வாதம் எழுதும் பழக்கம் தொடர்ந்தால் அந்த ஆதரவு வீணாகும்.

அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ கிடைத்த காப்புரிமையைக் காட்டி மாற்றமுறைப் பரிசோதனையில் இங்கே பதிவு பெறும் வாடிக்கையாளர்களிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள்: அந்தப் பதிவு 56ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் முழுமையாகச் சோதிக்கப்படலாம். அதற்கான சான்றுகளை விண்ணப்பத் தேதியிலிருந்தே சேர்த்து வையுங்கள்.