வரவு வேறு, வருவாய் வேறு!



மதுரையிலிருந்து அழகர்கோவிலுக்குச் செல்லும் சாலையில் ஒரு மாலைப்பொழுது நடந்து பாருங்கள். மூன்றுமாவடியைக் கடந்து, கடச்சனேந்தல், அப்பன்திருப்பதி, கள்ளந்திரி எனத் தொடரும் வழியெல்லாம், முதல் வேலை முடித்துத் திரும்பியவர்கள் இரண்டாவது வேலையைத் தொடங்கும் காட்சியைக் காண்பீர்கள். பகலில் ஆலைத் தொழிலாளி. மாலையில் பருத்திப்பால் வண்டிக்காரர். பகலில் பள்ளிச் சத்துணவுக் கூடத்துப் பணியாளர். இரவில் தையற்பொறியின் முன் அமர்ந்த தாய். சித்திரைத் திருவிழா வந்துவிட்டாலோ, அழகர் இறங்கி வரும் வழியெங்கும் பொரிக்கடை, வளையற்கடை, மோர்ப்பானை!

ஏன் இந்த இரண்டாவது வேலை? பொழுது போகாமலா? பொருளாசை மிகுந்தா? அல்ல! ஒரு கூலியில் அடுப்பு எரிகிறது. ஆனால் பிள்ளையின் படிப்பு நடக்கவில்லை. அதனால்தான் உறங்க வேண்டிய நேரத்தையும் உழைப்பாக்கி விற்கிறார்கள்.

இவர்களைப் பார்த்து, “வரி கட்டாத கூட்டம்” என்று வாய் கூசாமல் பேசுகின்ற கனவான்கள் உண்டு. கேட்கிறேன்: அந்தத் தாய் வாங்கும் நூலில் வரி இல்லையா? பொறிக்கு ஊற்றும் எண்ணெயில் வரி இல்லையா? பெரிய வணிகன் தான் கட்டிய சரக்கு வரியைக் கணக்குக் காட்டி விற்பனை வரியில் கழித்துக்கொள்வான். பதிவு பெறாத இந்தத் தாயால் அது இயலாது. கடைசிக் காசு வரை அவள் தலையில்தான் விடிகிறது. வரி கட்டாதவள் அல்லள் அவள். வரி கட்டுவதை எவரும் கண்டுகொள்ளாதவள்!

இனி நேர் வரிக்கு வருவோம். இங்கேதான் அச்சம் என்னும் பேய் ஆட்டிப் படைக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 18,000 ரூபாய் கூலி பெறும் தொழிலாளி ஒருவர். ஆண்டுக்கு 2,16,000. மாலை நேரக் கடையில் ஆண்டு முழுதும் 6 லட்சம் ரூபாய்க்கு விற்கிறார். அத்தனையும் கைப்பேசி வழியே வங்கிக்கு வருகிறது. வங்கி ஏட்டைக் கண்டதும் அவருக்கே நடுக்கம்! “ஐயோ, எட்டு லட்சத்துக்கு மேல் வந்திருக்கிறதே, என்ன செய்வார்களோ!” என்று உறக்கம் இழக்கிறார்.

தோழர்களே, வரவு வேறு, வருவாய் வேறு! பெட்டிக்குள் விழுந்த காசெல்லாம் அவர் காசா? பருத்திக்கொட்டை வாங்கியது, கருப்பட்டி வாங்கியது, அடுப்புக்கு எரிபொருள் வாங்கியது போக மிஞ்சுவதுதானே வருவாய்? சட்டமும் இதை ஒப்புக்கொள்கிறது. சிறு வணிகர், ஏடு ஏடாகக் கணக்கு வைக்காமலே, விற்றுமுதலில் ரொக்கமாக வந்ததற்கு 8 விழுக்காடும், வங்கி வழி வந்ததற்கு 6 விழுக்காடும் குறைந்த அளவு வருவாயாகக் காட்டலாம். அதற்கு மேல் ஈட்டியிருந்தால் அதைக் காட்ட வேண்டும். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெற்ற இந்த வழி, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என இயற்றப்பட்ட 2025-ஆம் ஆண்டுப் புதிய சட்டத்திலும் இருக்கிறது. நம் தொழிலாளியின் 6 லட்சத்துக்கு 6 விழுக்காடு 36,000 ரூபாய். கூலியோடு சேர்த்தால் 2,52,000. 2025-26 நிதியாண்டின் புதிய முறைப்படி 4 லட்சம் வரை வரியே இல்லை. கூலியும் வணிகமும் சேர்ந்து 12 லட்சம் வரை இருந்தாலும் தள்ளுபடியால் வரி சுழியம். எங்கே போயிற்று அந்தப் பேய்?

அப்படியானால் அச்சம் வீணா? வீண் என்று சொல்லிவிட இயலவில்லையே! 2025 ஜூலையில் கர்நாடகத்தில் நடந்தது என்ன? கைப்பேசி வரவுகளை மட்டும் கூட்டிப் பார்த்து, சிறு கடைக்காரர்களுக்குச் சரக்கு-சேவை வரி அறிவிப்புகளை அனுப்பியது அம்மாநில வணிகவரித் துறை. ஹாவேரி நகரத்துக் காய்கறி வணிகர் ஒருவருக்கு, நான்கு ஆண்டுகளில் வந்த 1 கோடியே 63 லட்சத்தைக் காட்டி, 29 லட்சம் ரூபாய் கேட்டது! பச்சைக் காய்கறிக்கு அந்த வரியே கிடையாது என்பதை அறியாதவரா அறிவிப்பு அனுப்பியவர்? வணிகர்கள் கொதித்தெழுந்தனர்; “ரொக்கம் மட்டுமே” என்று கடை வாயிலில் எழுதி ஒட்டினர். பழைய பாக்கி வசூலிக்கப்படாது என்று முதலமைச்சர் சித்தராமையா அறிவிக்க நேர்ந்தது. வரவை வருவாய் என்று எண்ணிய மடமையின் விளைவு இது!

இந்த மடமை புதிதன்று. தறிக்குத் தறி இறை, செக்குக்குச் செக்கு இறை, குயவரிடம் குசக்காணம், பொற்கொல்லரிடம் தட்டாரப்பாட்டம் என, உழைக்கும் கருவியையே எண்ணி வரி வாங்கிய கதையை நம் கல்வெட்டுகள் சொல்கின்றன. கும்பினி ஆட்சியில் அதுவே ‘மோதுர்பா’ என்ற பெயரில் தொடர்ந்தது. தச்சர், நெசவாளர், தெருவோரம் விற்பவர் எவரையும் அது விடவில்லை. 1852-இல் சென்னை சுதேசி சங்கத்தார் இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய முறையீட்டில் அந்தக் கொடுமையை எடுத்துரைத்தனர். அன்று தறியை எண்ணினான். இன்று கைப்பேசி மணியோசையை எண்ணுகிறான்!

ஆனால் மேலே இருப்போரிடம் எண்ணும் விரல் எப்படி மடங்கிவிடுகிறது பாருங்கள்! 2019 செப்டம்பரில், சலுகைகளைத் துறக்கும் நிறுவனங்களுக்கு அடிப்படை வரி 30 விழுக்காட்டிலிருந்து 22 ஆகக் குறைக்கப்பட்டது. அதனால் ஆண்டுக்கு 1,45,000 கோடி ரூபாய் வருமானம் குறையும் என்று அரசே சொன்னது. அவர்களுக்கு அது ‘ஊக்கம்’. பருத்திப்பால் வண்டிக்கு மட்டும் ‘விளக்கம் கேட்டு’ ஓலை!

மாற்றாரைச் சாடிவிட்டேன். இனி நம் வீட்டுக் குறையையும் சொல்ல வேண்டும். “காட்டாதே, மறைத்துவிடு, யார் கேட்கப் போகிறார்கள்?” என்று நம் தோழர்களிலேயே சிலர் அறிவுரை தருகிறார்கள். அது அறிவுரை அன்று. ஏழையின் பையில் ஓட்டை போடும் வேலை!

கேளுங்கள்: நிறுவனத்துக்கு ஒப்பந்தத்தில் தைத்துக் கொடுத்தால், குறித்த வரம்புக்கு மேல் 1 விழுக்காட்டைப் பிடித்துக்கொண்டுதான் கூலி தருவார்கள். தொழில்நுட்பம் கற்ற இளைஞன் இரவில் ஆலோசனைப் பணி செய்தால் 10 விழுக்காடு வரை பிடிப்பார்கள். நிரந்தரக் கணக்கு எண் தராவிட்டால் அது 20 விழுக்காடு! பிடித்த பணம் நம் பணம். கணக்குத் தாக்கல் செய்தால்தான் திரும்பி வரும். மறைப்பவன் அரசை ஏய்க்கவில்லை. தன் கூலியைத் தானே அரசுக்குத் தானம் செய்கிறான். வருவாய்ச் சான்று இல்லாததால் வங்கியும் கதவடைக்கிறது. கந்துவட்டிக்காரன் கதவு திறக்கிறது. மொத்த வருவாய் 4 லட்சத்தைத் தாண்டினால், வரி இல்லையாயினும் கணக்குத் தாக்கல் செய்தே ஆக வேண்டும் என்பதையும் மறவாதீர்கள். வரி வரம்பைத் தாண்டியவர் கட்டத்தான் வேண்டும். பள்ளியும் மருத்துவமனையும் நியாயவிலைக் கடையும் கேட்கும் இயக்கம், வரி ஏய்ப்பை ஓதலாமா?

கூலியோடு சிறு வணிகமும் உள்ளவர் நிரப்ப வேண்டிய நான்காம் படிவத்துக்கு ‘சுகம்’ என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். அதனுடன் மல்லுக்கட்டியவர் அறிவார் அதன் சுகத்தை! ஆகவே நம் கோரிக்கைகள் மூன்று. வரவை மட்டும் பார்த்து அறிவிப்பு அனுப்பும் வழக்கம் ஒழிக. வரம்புக்குக் கீழே உள்ளவரிடம் பிடித்த பணம், கேளாமலே திரும்புக. ஊராட்சிதோறும் தமிழில் கணக்கெழுதித் தரும் முகாம் நடைபெறுக.

அழகரைக் காண எல்லோராலும் மலையடிவாரம் வர இயலாது என்றுதானோ, ஆண்டுக்கு ஒருமுறை அவரே வைகைக்கு இறங்கி வருகிறார்? உடன் உண்டியல்களும் வண்டியேறி வருகின்றன! காணிக்கை பெறுவதற்கு இறங்கி வர முடியுமானால், வரி பெறும் அரசு விளக்கம் சொல்ல இறங்கி வரக் கூடாதா?

அவர்கள் வரும்வரை நாம் காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு கிளை மன்றத்திலும் ஞாயிறுதோறும் ஒரு மேசை போடுங்கள். படித்த தோழர் ஒருவர் அமரட்டும். நாள்தோறும் விற்றது எவ்வளவு, வாங்கியது எவ்வளவு என்று இரண்டே பத்தி எழுதப் பழக்குங்கள். வீட்டுச் செலவுக்கு உறவினர் அனுப்பிய பணத்தைக் கடை வரவோடு கலக்காதிருக்கத் தனி வங்கிக் கணக்கு வைக்கச் சொல்லுங்கள்.

பதினெட்டாம்படிக் கருப்பன் கதவின் முன் பொய் சொல்ல அஞ்சும் மண் இது. அந்த நம்பிக்கை நமக்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆனால் உண்மையைச் சொல்பவன் எவர் முன்னும் நடுங்க வேண்டியதில்லை என்பது நம் கொள்கை. கையில் இரண்டு பத்திக் குறிப்பேடு இருக்கட்டும். பிறகு ஓலை வந்தால் வரட்டும், விடை சொல்வோம்!