மூலம்தானா, பெருங்குடலா? ரத்தக்கசிவு திரும்ப வராமல் தடுக்க...

மலத்தோடு ரத்தம் போனால், 'மூலமாத்தான் இருக்கும்' என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். ஆனால், வயதானவர்களுக்கு வலியே இல்லாமல் திடீரென நிறைய ரத்தம் போனால், பெருங்குடல் சுவரில் உருவாகும் சிறு பைகளும் காரணமாக இருக்கலாம். மருத்துவர்கள் இவற்றை 'டைவர்டிகுலா' என்பார்கள். பையை ஒட்டிச் செல்லும் ரத்தக்குழாய் நலிந்து உடைவதால் வரும் கசிவு இது. கொலனோஸ்கோபி பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும்.

பெரும்பாலானோருக்கு ரத்தம் தானாகவே நின்றுவிடும். ஆனால், சிலருக்கு மறுபடியும் வரும். அதைத் தடுக்க என்ன செய்யலாம்?

வலி மாத்திரையில் கவனம்!

கள்ளக்குறிச்சி வயல்களிலும் கல்வராயன் மலைக் காடுகளிலும் குனிந்து நிமிர்ந்து உழைப்பவர்களுக்கு மூட்டுவலி புதிதல்ல. "மேல்வலிக்கு ரெண்டு வேளைக்குக் கொடுங்க" என்று மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் மாத்திரையில் டைக்ளோஃபெனாக்கோ ஐபுபுரூஃபனோ இருக்கலாம். ஒருமுறை கசிவு வந்தவர்கள் இவற்றைத் தவிர்க்க வேண்டும். வலிக்கு மாற்று என்ன என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

ஆஸ்பிரின் விஷயம் வேறு. மாரடைப்பு வந்தவர்களும் ஸ்டென்ட் வைத்தவர்களும் அதைத் தாங்களாக நிறுத்தக் கூடாது. இதய நோய் இல்லாமல், 'முன்னெச்சரிக்கை'க்காகச் சாப்பிடுபவர்கள் தொடரலாமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

கடலை சாப்பிடலாமா?

சாப்பிடலாம். அமெரிக்காவில் சுமார் 47,000 ஆண்களை 18 ஆண்டுகள் கவனித்து 2008-ல் வெளியான ஆய்வில், கொட்டைப் பருப்புகளோ மக்காச்சோளமோ கசிவை அதிகரிக்கவில்லை.

மலையில் விளையும் சாமையும் கேழ்வரகும் தட்டில் இருக்கட்டும். 100 கிராம் கேழ்வரகில் நார்ச்சத்து சுமார் 11 கிராம். தீட்டிய அரிசியில் 3 கிராமுக்கும் குறைவு. நார்ச்சத்து மட்டுமே கசிவைத் தடுத்துவிடாது. ஆனால், மலச்சிக்கலைக் குறைத்து குடலுக்கு நல்லது செய்யும். அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, தண்ணீரும் நிறைய குடியுங்கள்.

தாமதம் வேண்டாம்

மீண்டும் ரத்தம் போய், தலைசுற்றல், படபடப்பு, வியர்வை இருந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். வெள்ளிமலைப் பக்கத்து ஊர்களிலிருந்து மலையிறங்கி கள்ளக்குறிச்சி வந்து சேரவே நேரமாகும். உடனே 108-ஐ அழையுங்கள். சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் பழைய ரிப்போர்ட்டையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். எந்த மாத்திரையை நிறுத்துவது என்று மருத்துவர் முடிவு செய்ய அவைதான் உதவும்.